வட்ட நாற்காலியின் மூட்டு

டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த கை வைத்த நாற்காலிக்கு அவர் இட்ட பெயர் வட்ட நாற்காலி. அமெரிக்கர்கள் அதை வெறுமனே 'த சேர்' என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் சட்டங்கள், முதுகையும் இரு கைகளையும் ஒரே வளைவாகச் சுற்றிவரும் மரம், நடுவே ஓர் இருக்கை. இருக்கை பிரம்பிலும் பின்னப்பட்டது, தோலிலும் போர்த்தப்பட்டது.

வெக்னர் 1914இல் டோண்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை செருப்பு தைப்பவர். மகன் பதினான்கு வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். வரைபடத்துக்கு முன்பே உளியும் இழைப்புளியும் அவர் கைக்கு வந்துவிட்டதால், எந்த மரம் எங்கே முறியும் என்பது காகிதத்தில் கோடு போடும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. சீனத்து மிங் கால நாற்காலிகளைப் பார்த்து 1944இல் அவர் செய்த சீன நாற்காலியின் வளைந்த முதுகுதான் ஐந்து ஆண்டுகளில் இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. கோபன்ஹேகனில் யோஹானஸ் ஹான்சன் பட்டறை இதைச் செய்தது. அங்கே தலைமைத் தச்சராக இருந்த நீல்ஸ் தாம்சனுடன் சேர்ந்தே வெக்னர் தம் வடிவங்களைத் திருத்தினார். 1949ஆம் ஆண்டு தச்சர் சங்கக் கண்காட்சியில் நாற்காலி முதன்முதலாக வைக்கப்பட்டது.

இதன் உயிர் மேல்வளைவில் இருக்கிறது. அரைவட்டமாக வளையும் கட்டையை ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுத்தால், வளைவு திரும்பும் இடங்களில் நார் குறுக்கே வெட்டுப்படும். குறுக்கு நாருக்கு வலு கிடையாது. சாய்ந்து உட்காரும் ஒருவரின் பாரத்திலேயே அது விண்டுபோகும். ஆகவே முதுகுக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு என மூன்று துண்டுகள். நார் ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கில் ஓடும். நிறமும் ரேகையும் ஒத்துப்போவதற்காகத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

பிறகு மூட்டு. முதலில் செய்த நாற்காலிகளில் துண்டுகளைச் சேர்த்த இடம் வெக்னருக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க முதுகைச் சுற்றிப் பிரம்பு கட்டினார். அடுத்த ஆண்டே பிரம்பு போயிற்று. இரு கைவிரல்களைக் கோத்ததுபோல, பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூட்டு வந்தது. பற்கள் சாய்வாக இருப்பதால் பசை பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. நாரும் நாரும் பக்கவாட்டில் ஒட்டுகின்றன. முதுகின் பின்புறம் விரலை ஓட்டினால் மேடுபள்ளம் தட்டாது. கண்ணுக்கு மட்டும் கோணல்மாணலான ஒரு கோடு தெரியும். ஒளித்துவைக்க நினைத்த இணைப்பே நாற்காலியின் முகமாகிவிட்டது. வெக்னரின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாற்காலி வடிவங்களில் இதைவிட நேர்மையான ஒரு முடிவைச் சொல்வது கடினம்.

கால்கள் கடைசல் வேலை. சட்டத்தின் கழுந்து நுழையும் இடத்தில் பருத்தும், மேலும் கீழும் மெலிந்தும் இருக்கும். துளை போட்டால் அந்த இடத்தில் மரம் குறையும். குறைவதை ஈடுகட்டவே அந்தப் பருமன்.

1990களின் தொடக்கத்திலிருந்து, கோபன்ஹேகனுக்கு வடக்கே அல்லேராட்டில் 1953இல் தொடங்கப்பட்ட பிபி மொப்லர் பட்டறை இதைச் செய்துவருகிறது. முரட்டு வடிவத்தை எந்திரம் குடைந்து தருகிறது. அதற்குப் பிறகு கைவேலைதான். கை முனையில் தட்டையாக இருக்கும் பரப்பு, முதுகுக்கு வரும்போது மெல்ல முறுக்கிக்கொண்டு நிமிர்கிறது. இந்தத் திருப்பத்தில் எந்திரத்தின் தடம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் தச்சர் வேலையை முடிக்கிறார். ஓக் மரமென்றால் சோப்புக் கரைசல் பூசுவதும் உண்டு. அது மரத்தின் வெளிர் நிறத்தைக் காக்கும்.

1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது மேடையில் இருந்தவை இந்த நாற்காலிகள்தான். அதோடு அமெரிக்கா முழுவதும் இதன் முகம் பரிச்சயமாயிற்று.

பழைய நாற்காலியைத் தேடுபவர்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது, இருக்கைக்கு அடியில் மரத்தில் சுட்டுப் பதித்த யோஹானஸ் ஹான்சன் முத்திரையை. அடுத்து பார்க்க வேண்டியது மூட்டு. வெப்பமூட்டிய அறைகளில் மரம் அளவுக்கு மீறி உலர்ந்து சுருங்கினால், பற்களுக்கிடையே மயிரிழை போலக் கோடு விடும். அதைச் சரியாக்க மரவேலையில் நன்கு தேறிய கை வேண்டும். தோலின் கதை வேறு. உட்காரும் இடத்தில் அது கறுத்து மினுங்கும், ஓரங்களில் வெடிக்கும். பழைய தோலை அப்படியே வைத்திருக்கும் நாற்காலிக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம். ஆனாலும் கிழிந்த தோலை மாற்றுவது குற்றமில்லை. இருக்கையின் அடிப்பக்கத்தில் இழுத்துப் பிணைத்திருக்கும் அதைக் கழற்றிப் புதிதாகப் போர்த்தலாம், மரத்தில் கை வைக்காமலே.