எலுமிச்சைப் பந்தலும் நீலக்கடலும்: அமால்ஃபி கரையில் ஒரு படகுப் பயணம்

புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் உண்டு, திராட்சைக்கும் உண்டு. எலுமிச்சைக்குப் பந்தல் போடுகிறார்கள் என்று சொன்னால் தமிழ்நாட்டு விவசாயிக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் இத்தாலி நாட்டின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகரத்துக்குத் தெற்கே, மலை நேராகக் கடலில் இறங்கும் ஓர் இடத்தில் பல தலைமுறைகளாக எலுமிச்சை பந்தலில்தான் காய்க்கிறது. அமால்ஃபி கடற்கரை என்று அதற்குப் பெயர். அந்தத் தோட்டங்களின் முழு உருவமும் தெரிய வேண்டுமென்றால் தோட்டத்துக்குள் நின்று பார்த்தால் போதாது. படகேறிக் கொஞ்ச தூரம் கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கிழக்கே வியெத்ரி என்ற ஊரிலிருந்து மேற்கே பொசித்தானோ வரை வரிசையாகச் சிற்றூர்கள். 1997-ல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலையைக் குடைந்து போட்ட ஒரே ஒரு குறுகிய சாலைதான் எல்லா ஊர்களையும் இணைக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு பேருந்துகள் வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். நெரிசல் தாங்காமல் 2022-லிருந்து கோடை நாட்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்து வண்டிகளை விடுகிறார்கள். அந்தச் சாலையே 19-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். அதற்கு முன்பு பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமென்றால் கழுதைப் பாதை, இல்லையேல் படகு. ஆகவே படகில் போவது இங்கே பணக்காரர்களின் புதுப் பழக்கம் அல்ல. ஊரின் பழைய வழியே அதுதான்.

கோட்சோ என்னும் படகு

இந்தக் கரையின் சொந்தப் படகுக்கு கோட்சோ என்று பெயர். மீனவர்கள் துடுப்பும் பாயும் வைத்து ஓட்டிய மரப்படகு அது. இன்று அதே உருவத்தை ஃபைபரில் வார்த்து, இன்ஜின் மாட்டி, நடுவில் நிழல் துணியும் முன்பக்கம் படுக்க மெத்தையும் பின்பக்கம் கடலில் இறங்கி ஏற ஏணியும் வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பமோ நண்பர்கள் கூட்டமோ படகோட்டியோடு சேர்த்து அரை நாளுக்கோ முழு நாளுக்கோ வாடகைக்கு எடுக்கலாம். வாடகை பல நூறு யூரோ. எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் தாங்கும். இரண்டு பேருக்கு என்றால் யோசிக்க வேண்டிய தொகைதான். டீசல் செலவு வாடகையில் சேர்ந்ததா இல்லையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சிறிய இன்ஜின் படகை உரிமம் இல்லாமலே 18 வயது நிரம்பியவர்கள் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டலாம். இத்தாலியச் சட்டம் சுமார் 40 குதிரைத்திறன் வரை அப்படி அனுமதிக்கிறது. ஆனால் கடல் பழகாதவர் அந்த ஆசையை விட்டுவிடலாம். நீருக்கடியில் பாறை எங்கே இருக்கிறது, பெரிய பயணப் படகு எழுப்பிவிடும் அலையை எந்தப் பக்கமாக வாங்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

அமால்ஃபி துறையிலிருந்து காலை 9 மணி வாக்கில் கிளம்பும் படகு பெரும்பாலும் மேற்கே திரும்பும். முதலில் வருவது கோங்கா ஊருக்குக் கீழே உள்ள மரகதக் குகை. 1932-ல் ஒரு மீனவர் கண்டுபிடித்தது. நீருக்கடியில் உள்ள திறப்பு வழியாக வெயில் நுழைவதால் உள்ளே தண்ணீர் பச்சையாக ஒளிர்கிறது. உள்ளே போகத் துடுப்புப் படகுக்கு மாற வேண்டும், தனிக் கட்டணம். அடுத்து ஃபுரோரே. மலையில் கத்தியால் கீறியது போன்ற ஒரு பிளவு, அதன் அடியில் ஒரு துண்டுக் கரை, மேலே சுமார் 30 மீட்டர் உயரத்தில் சாலைப் பாலம். பிறகு பிராயானோ. அதையும் தாண்டினால் மலைச்சரிவில் வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள் அடுக்கிய பொசித்தானோ. படம் எடுப்பவர்கள் எல்லாம் எழுந்து நிற்பது இங்கேதான்.

ஆழத்தில் ஒரு குளியல்

பொசித்தானோவுக்கு எதிரே கடலில் மூன்று சிறு தீவுகள் இருக்கின்றன. லி கல்லி என்று பெயர். பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கிக் கொன்ற தேவதைகள் இங்கேதான் இருந்தார்கள் என்பது பழைய கிரேக்கக் கதையோடு சேர்ந்த நம்பிக்கை. ருடால்ஃப் நூரியேவ் என்ற புகழ்பெற்ற பாலே நடனக்காரர் கடைசிக் காலத்தில் இந்தத் தீவுகளை வாங்கி வைத்திருந்தார். இன்றும் தனியார் சொத்துதான், கரையேற முடியாது. பக்கத்தில் படகை நிறுத்திக் குளிக்கலாம்.

கிணற்றில் நீச்சல் பழகியவருக்கு இந்தக் குளியல் பிடித்துப்போகும். கரையோரம் மணலில் நடந்து மெல்ல மெல்ல இறங்கும் கடல் அல்ல இது. மலை எப்படி நேராக இறங்குகிறதோ அப்படியே தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. படகின் விளிம்பிலிருந்து குதித்தால் காலுக்கு அடியில் ஒன்றும் கிடையாது. தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் பல மீட்டர் கீழே இருக்கும் பாறையும் மீனும் தெரியும். அந்தத் தெளிவே முதலில் கொஞ்சம் பயமுறுத்தும். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட உடம்பை நன்றாக மேலே தூக்கிப் பிடிக்கும். பழகிவிட்டால் மல்லாந்து படுத்தபடி மலையைப் பார்த்துக்கொண்டே மிதக்கலாம்.

ஆனால் கிணற்றில் இல்லாத ஆபத்துகள் இங்கே உண்டு. இன்ஜின் முழுவதும் நின்று படகோட்டி தலையசைத்த பிறகே இறங்க வேண்டும். இன்ஜின் விசிறிப் பக்கமே போகக் கூடாது. ஆகஸ்ட் மாதத்தில் இந்தக் கடல் மாட்டுச் சந்தைபோல் ஆகிவிடும்; மற்றப் படகுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும்போது நீந்துகிறவர் தன் படகை விட்டுத் தூரம் போவது தவறு. கோடையில் குளிப்பவர்களைக் காக்க, இன்ஜின் படகுகள் மணல் கரையிலிருந்து பொதுவாக 200 மீட்டரும் பாறைக் கரையிலிருந்து 100 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பாறையில் ஏறும் ஆசை வந்தால் கடல் முள்ளெலி காலைப் பதம் பார்க்கும். நீச்சல் தெரியாதவர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி இறங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் கடல் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியதும் சிலிர்த்துக்கொள்ளும் என்பதால், குளியலை முற்பகலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

நங்கூரம் போடும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கடலடியில் போசிடோனியா என்ற புல் மேய்ச்சல் நிலம்போல் வளர்ந்திருக்கிறது. மீன் குஞ்சு வளர்வது அதில்தான். நங்கூரம் அதைப் பிடுங்கி எறிந்தால் மறுபடி முளைத்துப் பரவ வெகு காலமாகும். நல்ல படகோட்டி மணல் திட்டு பார்த்துத்தான் நங்கூரம் இறக்குவார்.

கிழக்கே திரும்பினால்

பெரும்பாலான பயணிகள் இதோடு திரும்பிவிடுகிறார்கள். விவசாயம் தெரிந்தவர் படகை அமால்ஃபியைத் தாண்டிக் கிழக்கே, மினோரி, மயோரி ஊர்கள் வரை விடச் சொல்ல வேண்டும். கரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கடலிலிருந்து பார்த்தால் மலை முழுக்கப் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் சிறு தோட்டம். படியின் முகப்பில், மண் சரியாமல் தாங்கும் கல்கட்டு. சிமென்ட் இல்லை, சாந்து இல்லை. சுண்ணாம்புக் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் கல் இடுக்கு வழியே கசிந்து வெளியேறிவிடும், மண் மட்டும் நின்றுவிடும். மாச்சேரே என்று உள்ளூரில் சொல்கிறார்கள். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கைவேலையை, இத்தாலி உட்பட 8 ஐரோப்பிய நாடுகளின் மரபாக 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

படியின் மேல் பந்தல். மலை உச்சிக் காட்டில் வளரும் செஸ்ட்நட் மரக் கம்புகளை நட்டு, குறுக்கே கம்பு கட்டி, எலுமிச்சைக் கிளைகளை அதன்மேல் படரவிடுகிறார்கள். கட்டுவதற்கு வில்லோ மரத்தின் இளங்கிளை. தமிழ்நாட்டில் வாழைநார் செய்யும் வேலையை அது செய்கிறது. குளிர் காலத்தில் கடுங்காற்றும் ஆலங்கட்டியும் தாக்காமல் பந்தலின் மேல் ஒரு மூடி போட வேண்டும். முன்பு தழையும் குச்சியும் வைத்து முடைந்த தட்டி. இப்போது கறுப்பு வலை. பந்தல் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். கிளைகள் காற்றில் அடித்து முறியாது, மூடி போடவும் வசதி. அறுவடைக்கும் கவாத்துக்கும் ஆட்கள் பந்தல் கம்பின் மேலேயே ஏறி நடப்பதால், பறக்கும் விவசாயிகள் என்று அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு.

ஸ்ஃபுசாத்தோ என்ற ரகம் அது. நூல் நூற்கும் கதிர்போல் இரு முனையும் குவிந்த நீளக் காய். தமிழ்நாட்டுச் சந்தையில் விற்கும் சிறிய உருண்டை எலுமிச்சை வேறு இனம். இது ஒரு காய் 100 கிராமுக்குக் குறையாது. தோல் தடிப்பு, மணம் அதிகம், உள்தோல் வெள்ளை கசப்பதில்லை. துண்டு போட்டுத் தோலோடு உப்பு தூவித் தின்கிறார்கள். தோலைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்யும் லிமொன்செல்லோ என்ற பானம் எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. எலுமிச்சையின் பூர்வீகம் இந்தியாவின் வடகிழக்கும் அதை ஒட்டிய நாடுகளும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அரபு வணிகர்கள் வழியாக மத்தியதரைக் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது. இங்கே 2001-ல் புவிசார் பாதுகாப்புப் பெயரும் வாங்கிவிட்டது.

சாலை வருவதற்கு முன் இந்தக் காய்களும் கடல் வழியாகத்தான் போயின. மலைத் தோட்டத்திலிருந்து கரைக்கு நூற்றுக்கணக்கான படிகள். 50 கிலோவுக்கும் மேற்பட்ட கூடைகளைச் சுமந்து ஏறி இறங்கியவர்கள் பெண்கள். வரிசையாகப் போகும் அவர்களுக்குக் குட்டி எறும்புகள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெண்கள் நடந்த பாதையில் ஒன்று மயோரிக்கும் மினோரிக்கும் நடுவே இன்னும் இருக்கிறது, எலுமிச்சைப் பாதை என்ற பெயரில். இன்றும் பல தோட்டங்களுக்கு வண்டி போகாது. கோவேறு கழுதை, இல்லையென்றால் சரிவில் ஓடும் ஒற்றைத் தண்டவாளச் சிறு வண்டி, அதுவும் இல்லையென்றால் மனிதத் தோள்.

காடாகிப்போன படிகள்

படகு மெதுவாகப் போகும்போது உற்றுப் பார்த்தால் எல்லாப் படியும் பச்சைப் பந்தலாக இல்லை என்பது தெரியும். நடு நடுவே புதர் மண்டிய படிகள், வயிறு தள்ளி நிற்கும் கல்கட்டுகள், சரிந்து ஓடிய மண்ணின் தழும்பு. கூலி கட்டுபடியாகாமல் கைவிட்ட தோட்டங்கள் அவை. இயந்திரம் ஏறாத நிலத்தில் எல்லாமே கைவேலை. சமவெளியில் விளையும் மலிவு எலுமிச்சையோடு விலையில் போட்டியிட முடியாது. மேலே கல் சுமக்க வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கீழே ஓட்டலிலும் படகிலும் சம்பளம் கிடைக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் இந்த மலையின் மண் அப்படி விட்டுவிடக்கூடிய மண் அல்ல. அடியில் சுண்ணாம்புப் பாறை; மேலே வெசுவியஸ் எரிமலை காலங்காலமாக வீசிய சாம்பலும் நுரைக்கல்லும். விளைச்சலுக்கு அருமையான மண், மழையில் ஊறிவிட்டால் பாறை மேலிருந்து வழுக்கி இறங்கும் மண். 1954 அக்டோபர் 25 இரவில் சலேர்னோ பகுதியில் ஒரே நாளில் 500 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மலை சரிந்தும் வெள்ளம் புகுந்தும் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மயோரியும் வியெத்ரியும் கடுமையாக அடிபட்ட ஊர்கள். 2010 செப்டம்பர் 9-ல் அமால்ஃபிக்குப் பக்கத்து ஊரான அத்ரானியில் தெருவுக்கு அடியில் ஓடும் ஓடை பொங்கி வண்டிகளைக் கடலுக்கு இழுத்துப் போனது. இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அப்படிப்பட்ட பேய்மழையைக் கல்கட்டு மட்டும் தடுத்துவிடாது. ஆனால் சாதாரண மழைக்கே சரியாமல் மலையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு கல் விழுந்த அன்றே எடுத்து வைத்தால் ஒரு மணி நேர வேலை. இரண்டு மழைக்காலம் விட்டால் படி முழுவதும் போய், கீழ்ப் படியையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

படகில் உட்கார்ந்து பல நூறு யூரோ கொடுத்துப் பார்க்கும் காட்சியை உண்டாக்கியவர்கள் இந்தக் கல் அடுக்கியவர்கள்தாம். அந்தப் பணத்தில் கல்கட்டுக்குப் போய்ச் சேருவது சொற்பம். சில விவசாயக் குடும்பங்கள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, சாறு கொடுத்து, கட்டணம் வாங்க ஆரம்பித்திருக்கின்றன. இந்தக் கரைக்குப் போகிறவர் செலவழிப்பதில் நேராக நிலத்துக்குப் போவது அந்தக் காசுதான். படகுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் அதற்கும் ஒதுக்கலாம்.

மயோரியைத் தாண்டிக் கிழக்கே சேத்தாரா என்ற மீனவர் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் படகைக் கட்டலாம். நெத்திலி இனத்து மீனை உப்புப் போட்டு மரத் தொட்டியில் மாதக்கணக்கில் பாரம் ஏற்றி வைத்து, சொட்டுச் சொட்டாக வடியும் சாற்றை எடுத்து நூல்போன்ற மாவுப் பண்டத்தில் கலந்து தருகிறார்கள். அந்தத் தொட்டியும் பந்தல் போடும் அதே செஸ்ட்நட் மரத்தில் செய்வதுதான். வாசனை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது; கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்தவருக்கு ஒரு தயக்கமும் இருக்காது.

தனிப் படகுக்கு வசதியில்லாதவர் சலேர்னோ நகரத்திலிருந்து கிளம்பும் பொதுப் படகில் ஏறினால், அதே மலையை அந்த வாடகையில் ஒரு சிறு பங்குக்குப் பார்த்துவிடலாம். நடுக்கடலில் நிறுத்திக் குளிக்க மட்டும் முடியாது. குளியலுக்கு மினோரி, மயோரி ஊர்களில் கரை இருக்கிறது. ஜூனும் செப்டம்பரும் நல்ல மாதங்கள்: தண்ணீர் குளிராது, ஜூலை, ஆகஸ்ட் கூட்டமும் இருக்காது. பிப்ரவரியில் தொடங்கும் எலுமிச்சை அறுவடை அக்டோபர் வரை நீளும் என்பதால் இந்த இரு மாதங்களிலும் பந்தலில் காய் பார்க்கலாம். நவம்பரில் பெரும்பாலான படகுகள் கரையேறிவிடும். மேலே பந்தல்களில் வலை ஏற ஆரம்பிக்கும்.