பாட்டியின் முழங்காலும் பேரனின் பயிற்சியும்

வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளை இளமையிலேயே கண்டறிய வேண்டும் என்ற உத்தேசத்துடன் 2013-இல் தோன்றிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசியத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமோ, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளையும், இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இரண்டையும் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும், தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட்ட எத்தனையோ இல்லங்களில், நடை பயிலாத பேரனை இடுப்பில் சுமந்து, மாவட்ட மையத்தில் அவனுக்குத் தரப்படும் பயிற்சிக்காகப் பேருந்தேறுபவள் மூட்டுவலியால் வருந்தும் பாட்டியே என்பதையும், அவளுடைய முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையிடமும், பிள்ளையின் அங்கன்வாடி சமூக நலத் துறையிடமும், அவனுக்குரிய அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடமும், இருவருக்குமான சிகிச்சை சுகாதாரத் துறையிடமும் பிரிந்து கிடப்பதையும் எண்ணும்போது என் நெஞ்சம் கலங்குகிறது. அவள் முழங்கால் தளர்ந்த மாதத்தில் அவனுடைய பயிற்சியும் நின்றுவிடும். அந்தக் காரிய காரண சம்பந்தத்தை எந்தத் துறையும் தனித்து நின்று காண இயலாது.

மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரத் தன்னார்வலர், பாட்டியின் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும் வேளையிலேயே, மடியிலிருக்கும் குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்றும் விசாரித்து அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரிவிக்கலாம். மாவட்ட ஆட்சியர் எவ்வளவு சிரத்தையுள்ளவராயினும், நிதியும் ஆணையும் வெவ்வேறு செயலாளர்களிடமிருந்து வருவதால், இந்த ஏற்பாடு தலைமைச் செயலகத்தில், அத்துறைகள் அனைத்தும் கூடிக் கையெழுத்திடும் ஒரே அரசாணையாகப் பிறக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.