மூலவுருவின் மேனி

பொறியியல் கற்கும் நாம் ஒரு பொருளின் வடிவத்தையும் வலிமையையும் நிறையையும் பற்றி நிரம்பப் பேசுகின்றோம். அதன் மேனியைப் பற்றிப் பேசுவது அரிது. வழவழப்பும் சொரசொரப்பும் வேலை முடிந்தபின் பூசிக்கொள்ளும் ஒப்பனை என்பதே நம்மிற் பலரின் எண்ணம். அவ்வாறன்று என்பதை எனக்கு உணர்த்தியது, மூதூரை அடுத்த எங்கள் கட்டைபறிச்சான் கிராமத்துக் கண்ணாடி நாரிழை வள்ளமொன்றாகும்.

இவ்வகை வள்ளங்கள் இலங்கைக்குப் புதியன அல்ல. நோர்வே நாட்டு உதவியுடன் 1967 இல் காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனம் அவற்றைக் கட்டியதை மூத்தோர் அறிவர். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் கிழக்குக் கரையெங்கும் அவை பெருகின. முதலில் மரத்தால் வள்ளத்தின் மூலவுரு ஒன்றைச் செய்வர். அதனை அரத்தாளால் பன்முறை தேய்த்து, மெழுகு பூசி, அதன்மேல் அச்சினை வார்ப்பர். அச்சினுள்ளே அரை மில்லிமீற்றர் அளவில் நிறப்பூச்சு. அதன்பின் நாரிழைப் பாயும் பிசினும். இறுகியபின் கழற்றினால் வள்ளம். மூலவுருவில் விட்ட ஒரு கீறல்கூட அவ்வச்சிற் பிறக்கும் அத்தனை வள்ளங்களிலும் பதியும். ஆகவே மூலவுருவைக் கண்ணாடிபோல் மினுக்குவதே பட்டறையின் பெருமை. அப்பெருமையை யான் குறைகூறேன்; வள்ளம் அச்சிலிருந்து பிசகின்றிக் கழல அம்மினுக்கம் வேண்டும்.

ஆனால் அடிப்புறத்துக்குப் பொருந்துவது தட்டுக்குப் பொருந்தாது. என் மாமாவுக்குக் கிடைத்த வள்ளத்தின் அணியத் தட்டும் அடிப்புறத்தைப் போலவே மினுங்கியது. மீன் வழும்பும் கடல்நீரும் படிந்த அத்தட்டில் நின்று வலை இழுக்கையில் அவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவ்வாண்டின் நல்ல மாதங்கள் கரையிலேயே கழிந்தன. அவ்வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவரே.

கை கூடியதும் தட்டிற் பிசின் பூசி, ஈரம் காயுமுன் ஆற்றுமணலைத் தூவினார். கால் உறுதியாக ஊன்றியது. நைலோன் வலையோ மணலிற் சிக்கிக் கிழிந்தது. “காலுக்குச் சரி, வலைக்குச் சரியில்லை மருமகன். நீ படிக்கிற படிப்பில இதுக்கு வழி இல்லையோ?” என்றார்.

விடுமுறையில் இருவரும் சாண் அகலத்தில் நான்கு தகடுகள் வார்த்தோம். ஒன்று வழவழப்பானது, ஒன்று மணல் தூவியது, ஒன்று ஈரப்பிசினில் நைலோன் கொசுவலையை அழுத்தி உரித்தது, மற்றொன்று மெழுகுப் பலகையிற் சாய்சதுரக் குழிகள் தோண்டி அதன்மேல் வார்த்தது. மீன் வழும்பைப் பூசி வெறுங்காலுடன் நின்றோம். வலையையும் இழுத்துப் பார்த்தோம். கொசுவலைத் தடம் முதலிற் பிடித்தது. அதன் கண்கள் வழும்பால் நிரம்பியதும் கைவிட்டது. சாய்சதுர மேடுகளுக்கிடையே நீர் ஓட வழியிருந்தது. முனைகள் மழுங்கியிருந்தமையால் வலையும் சிக்கவில்லை.

பெருந்தொழிற்சாலைகளுக்கும் இச்சிக்கல் உண்டு. வீ.டி.ஐ. 3400 என்னும் ஜேர்மானிய நியமம் மேற்பரப்பின் கரட்டுத்தன்மையை 12 முதல் 45 வரை தரப்படுத்துகின்றது. சராசரிக் கரடு 0.4 மைக்கிரோமீற்றரிலிருந்து 18 மைக்கிரோமீற்றர் வரை செல்லும். பிளாத்திக்கு அச்சின் பக்கச்சுவரில் 0.025 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை சரிவு கொடுப்பது வழக்கம். இன்றேல் கழலும்போது பொருள் உராய்ந்து கீறுபடும். ஆகையாற் சொரசொரப்பைத் தீர்மானித்தபின்னரே வடிவத்தையும் முடிவுசெய்ய இயலும். முப்பரிமாண அச்சுப்பொறியில் முன்மாதிரி செய்யும் இந்நாளிலும், அதனை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துவோரின் கருத்தைக் கேட்பது என் நோக்கிற் பயனற்ற வேலை. அவர்கள் தொட்டுச் சொல்வது வேறொரு பொருளைப் பற்றியதாகும்.

நான்காவது தகட்டை வள்ளம் கட்டும் பட்டறையொன்றுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த மூத்த தொழிலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். பழைய அச்சைத் திருத்துவது இலகுவன்று, அடுத்த மூலவுரு செய்யும்போது பார்ப்போம் என்றார். மாமா அதுவரை காத்திருக்கவில்லை. அதே மெழுகுப் பலகையில் இன்னும் ஆறு தகடுகள் வார்த்து, மணலைச் சுரண்டியெடுத்த தட்டில் அவற்றை ஒட்டிக்கொண்டார்.