தேய்மானம்

வேலை கிடைத்த அன்று கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். "மீடியா சென்டர்ல வேலைம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "எந்தச் சேனல்ட்டி?"

ஸ்கூல்ல என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அத்தைக்குச் சேதி போய்விட்டது. இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் அமெரிக்காவில் டிவியில் இருக்கிறேன். திருத்தப் பார்த்து விட்டுவிட்டேன். "பள்ளிக்கூட லைப்ரரியில கிளார்க்கு" என்று சொன்னால் அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று வீடியோ கால் இல்லாமலே எனக்குத் தெரியும். எம்.சி.ஏ. படிக்க வைத்தவள்.

அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகர். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. எந்தப் பள்ளி, எந்த மாவட்டம் என்பதெல்லாம் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது பள்ளிகளை நடத்துவதற்கென்றே உள்ள தனி நிர்வாகம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு, தனி வரி, தனி மஞ்சள் பஸ்கள். ஜார்ஜியாவில் பெரும்பாலும் கவுன்ட்டிக்கு ஒன்று.

மீடியா சென்டர் என்பது லைப்ரரிதான். 1960களில் பள்ளி நூலகங்களுக்குள் ஃபிலிம் ஸ்ட்ரிப், இசைத்தட்டு, டேப், புரொஜெக்டர் என்று சாமான்கள் வந்து சேர்ந்தன. 1965இன் கல்விச் சட்டம் நூலகத் தளவாடங்களுக்கென்றே மத்திய அரசுப் பணம் ஒதுக்கியது. 1969இல் நூலகர் சங்கமும் தேசிய ஆசிரியர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட தர விதிகளில் 'லைப்ரரி' போய் 'மீடியா' வந்தது. அதோடு பல ஊர்களில் போர்டு மாறியது, லைப்ரேரியன் மீடியா ஸ்பெஷலிஸ்ட் ஆனார். அந்தக் காலத்து ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்று எங்கள் பின்னறையில் இன்னும் இருக்கிறது. தூக்கிப் போடவும் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும், அதை யாரும் நிரப்பவில்லை.

நான் 2011இல் ஹெச்-4 விசாவில் வந்தேன். ஊரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நடத்தியவள், இங்கே வந்து நாலு வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் சமையலறைச் சன்னல் வழியாக அணில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2015 மே 26இலிருந்து எங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. கணவரின் கிரீன் கார்டு வரிசை ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். எங்களுக்குத் தாண்டியிருந்தது. ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் எல்லா இன்டர்வியூவும் "இந்த நாலு வருஷம்?" என்ற கேள்வியில் வந்து நின்றது. பள்ளியில் யாரும் அதைக் கேட்கவில்லை. மணிக்கணக்குச் சம்பளம், ஜூன் ஜூலையில் ஒன்றும் கிடையாது. பையனின் பள்ளி நேரமும் என் நேரமும் ஒத்துப்போனது. சேர்ந்துவிட்டேன்.

முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது, யார் யாருக்கு மேலே என்பதை. மீடியா ஸ்பெஷலிஸ்டுக்கு ஆசிரியர் உரிமமும் முதுகலைப் படிப்பும் வேண்டும், சம்பளமும் ஆசிரியர் அளவுகோலில். அவருக்குக் கீழே கிளார்க், அதாவது நான்: புத்தகம் கொடுப்பது வாங்குவது, பார்கோடு ஒட்டுவது, லாமினேட்டர். இந்த லாமினேட்டரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அது சூடாக இருபது நிமிடம் ஆகும், அதற்குள் ஏழு டீச்சர்கள் வரிசையில் நிற்பார்கள், ஏழு பேருக்கும் அவசரம். பிறகு டெக்னீஷியன். இவர் மாவட்டத்தின் ஆள், நான்கு பள்ளிகளுக்குப் பொதுவானவர், எங்களுக்குச் செவ்வாயும் வியாழன் காலையும். பிறகு டீச்சர்களுக்கு டெக்னாலஜி சொல்லிக்கொடுக்கும் கோச் ஒருவர், மாதம் ஒருமுறை டோநட்டோடு வருவார். இதற்கெல்லாம் மேலே மாவட்ட அலுவலகத்தில் சர்வரையும் நெட்வொர்க்கையும் பார்ப்பவர்கள். அவர்களை நான் நேரில் கண்டதில்லை. எங்களுக்குள் இருந்த உறவெல்லாம் டிக்கெட்தான். என்ன சொன்னாலும் "டிக்கெட் போட்டாச்சா?" என்றுதான் பதில் வரும். வைஃபை வேலை செய்யவில்லை என்று டிக்கெட் போடுவதற்கும் வைஃபை வேண்டும்.

எங்கள் ஸ்பெஷலிஸ்ட் ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. டெக்னீஷியன் ராணுவத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெரியவர். க்ரோம்புக் ஸ்கிரீன் மாற்றச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஓரச்சட்டத்தை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும், ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும், பேனலைக் கீபோர்டு மேல் குப்புறச் சாய்த்து, பின்னால் உள்ள ரிப்பன் கேபிளை டேப்போடு மெதுவாக உரிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. மதர்போர்டு போன மெஷினிலிருந்து ஸ்கிரீன், ஸ்கிரீன் போனதிலிருந்து கீபோர்டு என்று இரண்டு பிணத்தில் ஒரு உயிர் எடுப்போம். "இது உன் வேலை இல்ல. ஆனா நான் வர்ற வரைக்கும் பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாதில்ல?" என்பார்.

என் வேலை இல்லாத வேலைகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன.

எப்படியெல்லாம் உடைக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இயர்போனை உள்ளே வைத்து மூடினால் ஸ்கிரீன் போச்சு. சார்ஜர் துளையில் பென்சில் முனை. 2025 மே மாதம் டிக்டாக்கில் ஒரு சேலஞ்ச் பரவியது: க்ரோம்புக் துளையில் பென்சில் கிராஃபைட்டையோ கம்பியையோ செருகிப் புகை வரவைப்பது. பல மாநிலங்களில் தீயணைப்பு வண்டி வரை போனது. நாங்கள் முப்பது கம்ப்யூட்டர் வைக்கும் தள்ளுவண்டியின் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரை நகர்த்தி வைத்ததோடு தப்பித்தோம்.

இனி அந்தப் பையனைப் பற்றி.

மூன்றாம் வகுப்பின் நடுவில், ஒரு ஜனவரியில், குவாத்தமாலாவிலிருந்து வந்து சேர்ந்தான். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அம்மா கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட். வந்த மூன்றாம் வாரம் அவன் க்ரோம்புக்கில் 'எம்' எழுத்து இல்லை. டீச்சர் எங்களிடம் அனுப்பினார். அடுத்த வாரம் 'எம்'மோடு 'ஜே'யும் இல்லை. அதற்கடுத்த வாரம் மூன்று எழுத்துகள். உடைந்த பொருள் வந்தால் நான் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு போட வேண்டும். காரணம் என்ற இடத்தில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்: தற்செயல், வேண்டுமென்றே, தேய்மானம். 'வேண்டுமென்றே' என்று போட்டால் வீட்டுக்குப் பில் போகும்.

டெக்னீஷியன் அந்தக் கீபோர்டைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் கத்தரிக்கோல் மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். கோபத்தில் பிடுங்கினால் அது ஒடிந்துவிடும். "ஒண்ணுகூட ஒடியல. இவன் பிடுங்கல, கழட்டியிருக்கான். எனக்கு ஆறு மாசம் ஆச்சு இத ஒடையாம எடுக்கப் படிக்கிறதுக்கு" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

அவன் ஏன் கழற்றுகிறான் என்பது ஸ்பெஷலிஸ்டுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. ரிப்பேர் ஆகும்வரை அவன் எங்கள் அறையில் காத்திருப்பான். அவருக்குப் பள்ளிக்கூட ஸ்பானிஷ் கொஞ்சம் வரும். ஸ்பானிஷ் படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் தப்பும் தவறுமாக வாசிப்பார், அவன் திருத்துவான். நாள் முழுக்கத் திருத்தப்படுகிற பையனுக்கு ஒரு பெரிய மனுஷியைத் திருத்த இருபது நிமிடம் கிடைத்தது. நான் இதைப் பார்த்துக்கொண்டே பார்கோடு ஒட்டினேன். பதிவில் 'தேய்மானம்' என்று போட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

இப்போது பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் போரடிக்கும், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஜார்ஜியாவில் 1996இல் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, பள்ளிகளுக்காக ஒரு சதவீத விற்பனை வரி போட வழி செய்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், பஸ் வாங்கலாம், கம்ப்யூட்டர் வாங்கலாம். சம்பளம் கொடுக்க முடியாது. மத்திய அரசின் இ-ரேட் திட்டம் இன்டர்நெட் செலவில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. அதிலும் ஆளுக்குக் காசு இல்லை. கோவிட் காலத்தில் மூன்று தவணையாக வந்த மத்திய நிதி, நாடு முழுக்கச் சுமார் 190 பில்லியன் டாலர், அதில் சம்பளமும் கொடுக்கலாம் என்றிருந்தது. 2020இல் கார் நிறுத்துமிடத்தில் முகக்கவசத்தோடு நின்று கார் சன்னல் வழியாக நாங்கள் க்ரோம்புக் கொடுத்தோமே, அதெல்லாம் அந்தக் காலத்துச் செலவு. கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் எதற்கு என்று கணக்கில் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு கிடையாது.

அதனால் 2024 வசந்த காலத்திலேயே கத்தரிக்கோல் வெளியே வந்துவிட்டது. அந்த போர்டு மீட்டிங்குக்கு நானும் போயிருந்தேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு தாத்தா ஃபுட்பால் மைதானத்துப் புல்லைப் பற்றிப் பேசினார். புதிய க்ரோம்புக் வாங்கும் தீர்மானம் விவாதமே இல்லாமல், மற்றப் பத்தோடு பதினொன்றாக, ஒரே கையசைப்பில் நிறைவேறியது. அதே அஜெண்டாவில் நாலு பக்கம் தள்ளி, சில தொடக்கப் பள்ளிகளில் மீடியா ஸ்பெஷலிஸ்ட் பணியிடம் நீக்கம். எங்கள் பள்ளியும் அதில் இருந்தது. யாரும் வில்லன் மாதிரிப் பேசவில்லை. நிதி அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். இந்தப் பையில் இருக்கும் காசை அந்தப் பைக்கு மாற்ற முடியாது என்பதுதான் அவர் சொன்னது, அது உண்மையும்கூட. அதற்கு முந்தைய வருடம் ஹூஸ்டனில் மாநில அரசு பொறுப்பேற்ற பிறகு பல பள்ளிகளில் நூலகர்களை எடுத்துவிட்டு அந்த அறைகளை வேறு வேலைக்கு மாற்றிய செய்தியைப் படித்துவிட்டு, நம்மூரில் நடக்காது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். அறை திறந்திருக்கும், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பதவி அதே கிளார்க், சம்பளம் அதே. நான் ஒப்புக்கொண்டால் ஸ்பெஷலிஸ்ட் இல்லாமலே ஓடுகிறது பாருங்கள் என்பதற்கு நானே சாட்சி. மறுத்தால் பூட்டு. இரண்டு நாள் தூங்கவில்லை. ஊரில் என் சித்தி மகளிடம் போனில் புலம்பினேன். அவள் 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது கம்ப்யூட்டருக்குச் சேர்ந்தவள், தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள் என்று பேச்சு. லேபைத் திறப்பது, எமிஸில் வருகைப் பதிவு ஏற்றுவது, ஹெச்.எம்.மின் பிரிண்டர் என்று எல்லாம் அவள் தலையில்தான் விடியும். "என்னக்கா, புதுசா சொல்லுத மாதிரி சொல்லுத?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஒப்புக்கொண்டேன். ஸ்பெஷலிஸ்டிடம் போய்ச் சொன்னபோது அவர் அட்டைப்பெட்டியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். "நீ இல்லன்னா இங்க தள்ளுவண்டிய நிறுத்துவாங்க" என்றார். அது மன்னிப்பா, வெறும் தகவலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஸ்பானிஷ் புத்தகங்கள் இருந்த அலமாரியைத் தொட்டுக் காட்டி, "இத மட்டும் களையெடுக்க விடாத" என்றார். நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழிப்பதைக் களையெடுப்பு என்றுதான் சொல்வார்கள். நான் கரிசல் காட்டுக்காரி, அந்தச் சொல்லை முதல் நாள் கேட்டபோது சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆகஸ்ட் முதல் அறையில் நான் மட்டும். காலையில் கார் வரிசையில் பிள்ளைகளை இறக்குவது, மதியம் கேன்டீன் டியூட்டி, டீச்சர் யாராவது வராவிட்டால் அந்த வகுப்பு. மிச்ச நேரத்தில்தான் லைப்ரரி. டெக்னீஷியனுக்கு இப்போது ஆறு பள்ளிகள், வியாழன் மட்டும் வருகிறார். எனக்குக் கதை வாசிக்க வராது. முயன்று பார்த்தேன், என் ஆங்கிலத்தைக் கேட்டு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. ஸ்பெஷலிஸ்டுக்கு இருந்த படிப்பு அது, எனக்கு இல்லை. நான் பார்க்காமல் விட்டது எத்தனை பிள்ளைகளோ.

செப்டம்பரில் அந்தப் பையன் வந்தான். நாலாம் வகுப்பு. ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறான், ஜார்ஜியா இழுவையோடு. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க எங்க?" என்றான். வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க என்றேன். பொய்தான், அவர் விருப்ப ஓய்வில் போயிருந்தார். அவன் க்ரோம்புக்கை மேசையில் வைத்து, பேப்பர் டவலில் மடித்து வைத்திருந்த 'எம்'மை எடுத்துத் தந்தான்.

திரையில் அவன் எண்ணைத் தட்டியதும் சிவப்பில் ஒரு வரி வந்தது: தொடர் சேதம், காரணத்தை மறுபரிசீலனை செய்யவும். புது சாஃப்ட்வேர். யாரோ மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், நல்லாவே எழுதியிருக்கிறார்கள். நான் 'தேய்மானம்' என்று போட்டேன். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

கிளிப் ஒடியவில்லை. எழுத்தை அதன் மேல் வைத்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், உட்கார்ந்துவிடும். அவனுக்கும் அது தெரியும். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஸ்பேர் பார்ட் வரணும்" என்றேன். "நாளைக்கு வா."