சீரான தாமதம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விறகு வெட்டி, மதில் கட்டி, படை திரட்டிப் பக்கத்து ராஜா மேல் பாயும் கம்ப்யூட்டர் விளையாட்டு. செஸ் போல 'இப்ப உன் முறை' என்பதெல்லாம் கிடையாது. எல்லாரும் ஒரே சமயத்தில் ஆட வேண்டும். நான் சென்னையிலும் என் மகன் டொரன்டோவிலும் உட்கார்ந்துகொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆடுகிறோம். அவனுக்கு அது சனி ராத்திரி. ஃபோனில் 'சாப்டியா?', 'ம்' என்பதைத் தாண்டாத எங்கள் பேச்சு, ஆட்டத்தில் மட்டும் 'அப்பா, யானையை அனுப்புங்க, சீக்கிரம்!' என்று தாராளமாகிறது. அதனால் நடுவில் வரும் 'லாக்' எனக்குக் குடும்பப் பிரச்னை.

லாக் என்றால் என்ன? குதிரைவீரனை 'ஓடு' என்று க்ளிக் செய்கிறீர்கள். அவன் சற்று யோசிக்கிறான். யோசித்து முடிப்பதற்குள் செத்துப்போகிறான்.

இதை முழுசாக ஒழிக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். டொரன்டோ 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போனால்கூட, போய்வர 130 மில்லிசெகண்ட். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை.

1997-ல் இந்த விளையாட்டு வந்தபோது வீடுகளில் இருந்தது 28.8 மோடம். ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், எவ்வளவு அடி வாங்கினான் என்றெல்லாம் அனுப்பினால் 250 பேருக்கு மேல் தாங்காது என்று கணக்குப் போட்டார்கள். அதனால் வேறு தந்திரம் செய்தார்கள். மொத்த யுத்தமும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக, அச்சு அசலாக நடக்கும். கம்பியில் போவது கட்டளை மட்டுமே. தேர் இழுப்பது போல. எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒருத்தர் கம்ப்யூட்டர் திணறினாலும் தேர் நின்றுவிடும். ஒரு மான் ஒரு கம்ப்யூட்டரில் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், சில நிமிடங்களில் இரண்டு பேரும் வெவ்வேறு சரித்திரத்தில் இருப்பார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். கட்டளையை உடனே நிறைவேற்றாமல், சுமார் 200 மில்லிசெகண்ட் கொண்ட சுற்றுகளாக நேரத்தைப் பிரித்து, இரண்டு சுற்று கழித்து எல்லா இடத்திலும் ஒன்றாக நிறைவேற்றினார்கள். வேண்டுமென்றே தாமதம்! இதைப் பற்றி பால் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001-ல் எழுதிய கட்டுரையில் சுவாரஸ்யமான விஷயம் உண்டு. கால் செகண்ட் தாமதத்தை ஆடுகிறவர்கள் கவனிக்கவே இல்லை. அரை செகண்ட் வரை பழகிக்கொண்டார்கள். ஆனால் ஒருமுறை உடனே, ஒருமுறை அரை செகண்ட் கழித்து என்று மாறி மாறி வந்தால் எரிச்சலானார்கள். சீராக மெதுவாக இருப்பது மேல்.

ஆகவே லாக்கைச் சமாளிக்க வழி, வேகத்தைத் துரத்துவது அல்ல; சீராக்குவது. வைஃபையை விட்டு ஒயரைச் செருகுங்கள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் சினிமா டவுன்லோட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் (இதுதான் கஷ்டம்). ஆட்டத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். ஒவ்வொரு வில்லாளியாக நகர்த்தும் சாகசம் வேண்டாம். மதில் கட்டுங்கள். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு நாலு வேலையை வரிசையாகச் சொல்லிவிடுங்கள். அம்பு வந்த பிறகு அல்ல, வரும் முன்பே நகருங்கள்.

சாட்டிலைட் வழியாக ஐ.எஸ்.டி. பேசியவர்களுக்கு இது புதிதல்ல. குரல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி வரும்வரை காத்திருந்து, 'ஹலோ ஹலோ' என்று முட்டிக்கொள்ளாமல் பேசப் பழகினோம். பதில் லேட்டாக வருவது பெரிய விஷயமில்லை. எப்போது வரும் என்று தெரியாததுதான் கஷ்டம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் மகன் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறான். ஆனால் ஏழு மணிக்கு டாண் என்று வருகிறான்.