நடு ஸ்பீக்கர் பேசவில்லை

பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிபயரை விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள். பாட்டு ஒன்றைப் போடுவார்கள். இளையராஜா பாட்டாக இருந்துவிட்டால் பேரம் சீக்கிரமே முடியும். தபேலா துல்லியமாக விழுகிறது, வயலின்கள் வலமும் இடமுமாகப் பிரிகின்றன, வாங்க வந்தவர் தலையாட்டிக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஆனால் பாட்டு என்பது இரண்டு சேனல் சமாச்சாரம். 5.1 செட் ஒன்றின் வயிற்றுக்குள் ஐந்து ஆம்ப்ளிபயர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் மூன்று வேலை செய்யாவிட்டாலும் பாட்டு பாட்டுக்குப் பாடும்.

எனக்கு விற்ற வேளச்சேரிக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. அவரிடம் இருந்ததே இரண்டு ஸ்பீக்கர்கள்தான். ஐந்தும் வாங்க வேண்டும் என்றுதான் இந்த ஜப்பான் செட்டை வாங்கியிருக்கிறார். மீதி மூன்றுக்கு வீட்டில் உத்தரவு கிடைக்கவில்லை. வருடக்கணக்காக அது இரண்டு ஸ்பீக்கரோடு சாதாரண ஸ்டீரியோவாகவே வாழ்ந்திருக்கிறது. புது விலையில் கால்வாசிக்கும் குறைவாகக் கொடுத்தார். பதினோரு கிலோவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, என் ஐந்து ஸ்பீக்கர்களையும் மாட்டிப் படம் போட்டால், முன்னால் இரண்டும் பாடின. நடு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூன்றும் கப்சிப்.

மச்சான் பார்த்துவிட்டு, “ஐசி போயிருக்கும் மாப்ள” என்றான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் எதில் என்ன கோளாறு வந்தாலும் நம் ஊரில் முதலில் போவது ஐசிதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று சேனல் ஒரே நாளில் ஒன்றாகச் சேர்ந்து செத்துப்போவது அபூர்வம். சத்தம் வராத இடத்தைப் பார்த்தால், அங்கே சத்தத்தை யாராவது அனுப்பினார்களா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அனுப்பாத கடிதம் வரவில்லை என்று போஸ்ட்மேனைத் திட்டி என்ன பயன்?

இந்த விசாரணைக்கென்றே இந்த மாதிரி செட்டுகளில் டெஸ்ட் டோன் என்று ஒன்று உண்டு. ரிமோட்டில் அந்தப் பொத்தானை அழுத்தினால் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் இடது ஸ்பீக்கரில் தொடங்கி, நடு, வலம், பின் வலம், பின் இடம் என்று வீட்டைச் சுற்றி வரும். படமும் வேண்டாம், டிவியும் வேண்டாம். செட்டே உள்ளுக்குள் உண்டாக்கிக்கொள்ளும் சத்தம் அது. செகண்ட்ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் பாட்டைக் கேட்பதற்குப் பதிலாக இந்த இரைச்சலைக் கேட்டால் போதும். இனிமையாக இருக்காது, அவ்வளவுதான்.

என் வீட்டில் அந்த இரைச்சல் இடதில் வந்தது, வலதில் வந்தது, மறுபடி இடதுக்கே போய்விட்டது. நடுவில் நிற்கக்கூட இல்லை. இது நல்ல சேதி. ஒரு சேனலில் கோளாறு என்றால், இரைச்சல் அதன் முறை வரும்போது சில விநாடிகள் மௌனமாக நின்றுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நிற்காமல் தாண்டிப் போகிறது என்றால், அப்படி ஒரு ஸ்பீக்கர் இருப்பதே செட்டுக்குத் தெரியாது என்று பொருள். மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன். சென்டர்: இல்லை. சரவுண்ட்: இல்லை. வேளச்சேரிக்காரர் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருந்தார். நடு ஸ்பீக்கர் இல்லை என்று சொல்லிவிட்டால், வசனத்தைப் பாதிப் பாதியாக இடத்துக்கும் வலத்துக்கும் செட்டே பங்கிட்டுக் கொடுத்துவிடும். அதனால்தான் படத்தில் யாரும் ஊமையாகவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த மெனுவில் இன்னும் சில இருந்தன. முன் ஸ்பீக்கர்கள் 14 அடி தூரத்தில் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது. என் ஹால் மொத்தமே பன்னிரண்டு அடி. ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் எந்தச் சேனலை எத்தனை மில்லி விநாடி தாமதிக்க வேண்டும் என்று செட் கணக்குப் போடுகிறது. ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகும். மின்சாரத்தைப் பிடுங்கி, ஆட்டோவில் ஏற்றி, வேறு ஊர்ப்பக்கம் கொண்டுவந்த பிறகும் அது வேளச்சேரி வீட்டிலேயே குடியிருந்தது. ஃபேக்டரி ரீசெட் கொடுத்து அதை அங்கிருந்து காலி செய்ய வைத்தேன். பழைய செட் வாங்கியதும் முதல் காரியமாக இதைச் செய்துவிடுவது உத்தமம். பழையவர் எதை எதை மாற்றினார் என்று தேடிப் பிடிப்பதை விட இது சுலபம்.

மறுபடி டெஸ்ட் டோன். இடம், நடு, வலம், பின்னால் வலம் என்று வரவேண்டியது, பின் வலத்துக்கு வந்ததும் நின்றது. மௌனம். பிறகு பின் இடத்தில் ‘உஸ்ஸ்’. ஆக, மூன்றில் இரண்டு வெறும் மெனு விவகாரம். ஒன்றுதான் நிஜமான கோளாறு.

இனிமேல் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். முதலில் செட்டை அணைத்துவிட்டு, பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருக வேண்டும். அணைக்காமல் செய்தால் ஒயரின் ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டு, ஒரு நொடியில் நிஜமாகவே ஐசி போய்விடும். மச்சான் வாக்கு பலித்துவிடும். மாற்றிப் பார்த்தபோது வலப்பக்க ஸ்பீக்கர் பாடியது, இடப்பக்கம் அடங்கியது. ஸ்பீக்கர் மேலும் ஒயர் மேலும் குற்றமில்லை. (ஸ்பீக்கரை மட்டும் தனியாகச் சோதிக்க ஒரு பென்டார்ச் பேட்டரி போதும். 1.5 வோல்ட்டை ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டப்’ என்று கோன் துள்ளும். துள்ளாவிட்டால் காயில் போயிற்று.)

அடுத்து, சத்தம் செட்டுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது? என் செட்டின் முதுகில் ப்ரீ-அவுட் துளைகள் இருந்தன. டிஜிட்டல் போர்டு தன் வேலையை முடித்துச் சத்தத்தைப் பவர் ஆம்ப்ளிபயருக்கு ஒப்படைக்கும் இடம் அது. அங்கே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மாட்டினேன். பின் வலச் சேனலின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. பாதி செட் நிரபராதி. அங்கேயும் மௌனமாக இருந்திருந்தால் எடைக்குப் போடவேண்டியிருந்திருக்கும். டிஜிட்டல் போர்டின் சிப்புக்கு ஸ்பேர் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் மாற்றும் கூலிக்கு இன்னொரு பழைய செட்டே வாங்கிவிடலாம்.

மிச்சமிருந்ததைக் காட்டிக்கொடுத்தது வால்யூம். குறைவாக வைத்தால் அந்தச் சேனலில் மூச்சில்லை. ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ‘கர்ர்’ என்று கரகரத்து, திடீரென்று முழுச் சத்தமும் கொட்டியது. அதன் பிறகு குறைத்தாலும் சற்று நேரம் பாடியது. ட்ரான்சிஸ்டர் போயிருந்தால் இப்படி ஆகாது. இது ரிலேயின் குணம்.

பவர் பொத்தானை அழுத்திச் சில விநாடி கழித்து இந்த செட்டுகள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்குமே, அதுதான் ரிலே. ஸ்பீக்கர் முனையில் தப்பான நேர்மின்சாரம் ஏதும் வருகிறதா என்று செட் பார்த்து, வரவில்லை என்று உறுதியான பிறகே இதன் வழியாக ஸ்பீக்கரை உள்ளே இணைக்கிறது. சின்ன டப்பா, உள்ளே வெள்ளி கலந்த இரண்டு சின்னப் புள்ளிகள்; ஒன்றையொன்று தொட்டால் பாதை திறக்கும். வேளச்சேரியில் அத்தனை வருடமும் இந்தப் புள்ளிகள் தினமும் தொட்டன, விலகின. ஸ்பீக்கரே இல்லாததால் அவற்றின் வழியாகக் கரண்ட் மட்டும் போகவே இல்லை. கரண்ட் ஓடினால் அந்தப் புள்ளிகளின் மேல் படியும் மெல்லிய படலம் உடைந்துகொண்டே இருக்கும். சும்மா இருந்தால் பெட்டியில் பூட்டி வைத்த வெள்ளிக் கொலுசு மாதிரி கறுத்துப்போகும். சின்னச் சத்தத்துக்கு அந்தப் படலத்தைத் துளைக்கும் தெம்பு இல்லை. பெரிய சத்தத்துக்கு உண்டு. அதிகம் உழைத்த முன் சேனல்கள் நன்றாக இருக்க, உழைக்காத பின் சேனல் கெட்டது அதனால்தான்.

இந்த இடத்துக்கு மேல் மூடியைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை, இருக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடிப்படியின் மேல் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.

“என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?”

“ரிலேன்னு நினைக்கிறேன் பாய்.”

“நினைக்கிறதெல்லாம் நான் நினைச்சுக்கிறேன், நீங்க உக்காருங்க.”

மூடியைக் கழற்றினார். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயர்களைக் கண்டென்சரின் கால்களில் வைத்தார். பல்பு லேசாக மினுங்கி அணைந்தது. தூசியை பிரஷ்ஷால் தட்டினார். பிறகு செட்டை ஓட்டி, வால்யூமைக் குறைத்து, அந்தச் சேனல் அடங்கியிருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேயின் தலையில் ஒரு தட்டு தட்டினார். சத்தம் வந்தது. இன்னொரு தட்டு, போனது. அவர் என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடாதா என்று பக்கத்தில் நின்ற ஒரு பையன் கேட்டான். “தேய்ச்சா இன்னிக்குப் பாடும். மேல இருக்கிற வெள்ளியும் போயிடும், ஆறு மாசத்துல திரும்ப வருவாரு. மாத்திடு தம்பி.” 24 வோல்ட் ரிலே, கீழே நாலு கடை தள்ளிக் கிடைத்தது. அந்த ஒரு ரிலேக்குள் பின் இடம், பின் வலம் இரண்டுக்கும் சேர்த்தே புள்ளிகள் இருந்ததால் இரண்டுக்கும் ஒரே செலவு. நடு சேனலின் ரிலேயையும் மாற்றிவிடச் சொன்னேன். அதுவும் அதே வீட்டில் அதே மாதிரி சும்மா இருந்ததுதானே. ரிலேயின் விலையை விட ஆட்டோ கூலி அதிகம்.

டெஸ்ட் டோன் இப்போது வீட்டைச் சரியாகச் சுற்றி வந்தது. படம் போட்டேன். நடு ஸ்பீக்கரும் பின்னால் இரண்டும் மறுபடி மௌனம்.

டெஸ்ட் டோன் எல்லாவற்றிலும் வந்து, படம் வராவிட்டால் குற்றவாளி செட்டுக்கு வெளியே இருக்கிறது. டிவியிலிருந்து வரும் ஆப்டிகல் கேபிளில் பிசிஎம் என்ற சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். ஆறும் போகவேண்டும் என்றால் டால்பி டிஜிட்டலாகவோ டி.டி.எஸ்.ஸாகவோ சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். டிவியின் ஆடியோ மெனுவில் பிசிஎம் என்று இருந்ததை ஆட்டோ என்று மாற்றினேன். அவ்வளவுதான், ஹெலிகாப்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அந்த ஒற்றை வரிக்காக எத்தனை நல்ல செட்டுகள் மெக்கானிக் கடைப் படியேறியிருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு ஒரு சிவாஜி படம் போட்டேன். தமிழில் டி.டி.எஸ் ஒலி 1996இல் ‘கருப்பு ரோஜா’வோடு வந்தது, அதற்கு முந்தைய படங்களில் பெரும்பாலானவை மோனோ, ஒரே சேனல். அது டிவி வழியாக வரும்போது இடத்திலும் வலத்திலும் அச்சு அசலாக ஒரே ஒலியாக வரும். செட்டில் டால்பி ப்ரோ லாஜிக் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றேபோல் இருப்பது வசனம், அது நடுவிலிருந்து வரவேண்டும் என்பது 1987இல் வந்த அந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கணக்கு. ஆகவே சிவாஜியும் பின்னணி இசையும் மழையும் இடியும் மொத்தமாக நடு ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

அப்பா எழுந்துபோய் இடது ஸ்பீக்கரில் காது வைத்தார். வலதிலும் வைத்தார்.

“டேய், ரெண்டு பெட்டி பேசலைடா. வித்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு.”

மோனோ, ஸ்டீரியோ, ப்ரோ லாஜிக் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், நம்பவில்லை. ரிமோட்டில் ஸ்டீரியோ பொத்தானை அழுத்தினேன். இடமும் வலமும் சேர்ந்து முழங்கின. அப்பா திருப்தியாக நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு சீன் பார்த்தார், மறுபடி எழுந்துபோய் நடு ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

“இப்ப இது பேசலையே.”