காடு கலைச்சவங்க

ஸ்ரீரங்கம் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷராயர் மண்டபம் இருக்கு. முன்னங்காலைத் தூக்கிப் பாயும் கல்குதிரைகள், மேலே ஆயுதத்தோடு வீரர்கள், கீழே குத்துப்படும் புலிகள். பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து குதிரைக்காரனைத்தான் பார்க்கிறார்கள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே, புலிக்குப் பக்கத்தில், தரையில் நிற்கும் ஆட்கள் கண்ணில் படுவதில்லை. புலி திரும்பினால் முதலில் சாகப்போவது அவங்கதான்.

எங்க தாத்தா அப்படித் தரையில் நின்ற ஆள். பச்சைமலை அடிவாரத்தில் ஆண்டை வீட்டார் பன்றி வேட்டைக்குக் கிளம்பினால் முதல் நாளே சேரிக்குச் சொல்லிவிடுவாங்க. விடியுமுன்னே பறையோடு போய்க் காடு கலைக்கணும். கூலி கிடையாது, தலையும் குடலும் எங்களுக்கு. துப்பாக்கி மேட்டில் இருக்கும், பன்றி எங்க பக்கம் வரும். தாத்தா தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. ஆண்டை வீட்டுத் திண்ணையில் மான்கொம்பு. (அந்த மண்டபத்தை அவர் பார்த்ததில்லை. 1947 கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை விடமாட்டாங்க. வந்த பிறகு போக அவருக்கு மனசில்லை.)

அன்றைக்கு வேட்டை பெருமை. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் நாய்க்கூட்டத்தோடு குதிரையேறி நரி விரட்டினார்கள், அது கனவான்களின் விளையாட்டு. 1879இல் நீலகிரிக்கென்று தனிச் சட்டம் போட்டு விலங்கையும் மீனையும் காத்தார்கள். எதுக்கு? தாங்கள் சுடுவதற்குக் குறையாமல் இருக்கத்தான். 1964இல்கூட எம்.ஜி.ஆர். படத்துக்கு 'வேட்டைக்காரன்' என்று பேர் வைக்க முடிந்தது. பிறகு 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகச் சுடுகிற வழியையும் அடைத்தது. ஆண்டை வீட்டுப் பேரப்பிள்ளைகள் கொம்பைக் கழற்றிவிட்டார்கள், ஆணி மட்டும் இருக்கு. இப்போது அவர்கள் ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறார்கள். நல்லதுதான். காடு மிஞ்சணும்னுதான் நானும் சொல்றேன்.

ஆனா வேட்டைமேல வந்த வெறுப்பு எல்லார்மேலயும் ஒரே மாதிரி விழலை. 2020 ஜூனில் திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள் நாட்டுவெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதாக 12 பேரைக் கைது செய்தார்கள். பிடிபட்டவர்கள் நரிக்குறவர்கள். வாய் சிதறிச் செத்த அந்த நரிக்காக நானும் வருந்தினேன், அந்தச் செயலுக்கு நியாயம் சொல்ல மாட்டேன். ஆனால் டீக்கடையில், நான் வேலை செய்யும் இடத்தில், பேச்சு அந்த 12 பேரோடு நிற்கவில்லை. "இந்தச் சாதியே இப்படித்தான் சார்" என்றார் ஒருவர், படித்தவர். 1998இல் ராஜஸ்தானில் நடிகர் சல்மான்கான் வெளிமான் சுட்ட வழக்கு தெரியும்தானே? 2018இல் ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை கொடுத்தது, இரண்டே நாளில் ஜாமீன். அவரை வைத்து அவர் பிறந்த கூட்டத்தையே இதே ஆள் எடைபோட்டு நான் கேட்டதில்லை. வயிற்றுக்காக வேட்டையாடியவன் சாதியாகிறான், பொழுதுபோக்குக்காகச் சுட்டவன் ஒரு தனிமனுசன்.

நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆகிவிட்டது. வேட்டையைத் தடுத்து அரை நூற்றாண்டு கழித்து!

ராஜகோபுரத்துக்கு வெளியே பாசிமணி விற்கும் ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "கவுதாரி, காடை கொண்டாந்தா பெரிய பெரிய வீட்டுல கூப்பிட்டு வாங்குவாங்க சாமி. இப்ப அதெல்லாம் கையால தொடுறதில்ல நாங்க" என்றார். நரி?

"இன்னிக்கும் கார்ல வந்து எறங்கி, பக்கத்துல குனிஞ்சு மெதுவாக் கேக்குறாங்க, நரிப்பல்லு இருக்கான்னு. கடையில கட்டுனா யாவாரம் ஓடுமாம். இல்லேன்னு சொன்னா நம்புறதில்ல. மணியக்கூட வாங்காமப் போயிடுறாங்க."